14 அடிப் படகும் 100 கிலோ தண்ணீரும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள நிபோங் திபாலில், கிரியான் ஆற்றங்கரையோரம் மூடிக் கிடந்த ஒரு பட்டறையின் பின்புறத்தில், பாதி தகரக் கூரையின் நிழலிலும் பாதி மழையிலுமாக ஒரு கண்ணாடியிழைப் படகு நிமிர்ந்தபடியே கிடந்தது. உள்ளே கணுக்கால் ஆழத்துக்கு மழைநீர், அதன்மேல் அழுகிய இலைகள், இலைகளுக்கிடையில் தலைப்பிரட்டைகள். படகின் நீளம் 14 அடி. யார் செய்தது என்பதற்குப் பெயர்ப்பட்டை எதுவும் இல்லை. 1980களில் வாங்கி ஆற்றில் இறால் பிடிக்கப் பயன்படுத்தியதாகப் பட்டறையின் உரிமையாளரான சீனப் பெரியவர் சொன்னார். 350 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அதை வாங்கியபோது, இரண்டு வாரம் தேய்த்து, இரண்டு கோட் சாயம் பூசினால் தீபாவளி விடுமுறைக்குள் ஆற்றில் இறக்கிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். அது ஆகஸ்டு மாதம். தீபாவளி போனது, பொங்கல் போனது, தைப்பூசமும் போனது. படகு ஆற்றைத் தொட்டது மார்ச்சில்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்குப் படகு வேலையில் முன் அனுபவம் எதுவும் இல்லை. எங்கள் வட்டாரம் கரும்புத் தோட்டங்களாகத் தொடங்கி, ரப்பராகி, பிறகு செம்பனையான (எண்ணெய்ப்பனை) நிலம். தோட்டத்தில் பிறந்த எங்களிடம் பால் மரத்துக்கும் (ரப்பர்) மங்குக்கும் (பால் வடியும் கிண்ணம்) லயத்துக்கும் (தோட்டக் குடியிருப்பு வரிசை) சொற்கள் உண்டு. படகின் உறுப்புகளுக்குச் சொற்கள் இல்லை. முன்பக்கத்துக்கு அணியம், பின்பக்கத்துக்கு அமரம் என்று தமிழ் மீனவர்கள் சொல்வதை இந்த வேலை தொடங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். அமரத்தில் எஞ்சினைத் தாங்கி நிற்கும் செங்குத்தான பலகையை இந்தப் பதிவில் பின்பலகை என்றே குறிப்பிடுகிறேன். கதையின் பெரும்பகுதி அந்தப் பலகையைப் பற்றியதுதான்.

படகை வீட்டுக்குக் கொண்டுவர என் மைத்துனர் சிறிய லோரி ஒன்றை ஏற்பாடு செய்தார். உள்ளிருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டு நான்கு பேர் சேர்ந்து தூக்கினோம், அசையவில்லை. இன்னும் இருவரை அழைத்து, உருளைக் கட்டைகள் வைத்துத்தான் ஏற்ற முடிந்தது. எஞ்சின் இல்லாத, மேல்தளம் இல்லாத 14 அடிப் படகு 150லிருந்து 180 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று படித்திருந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. போகும் வழியில் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே எடைமேடை இருப்பது நினைவுக்கு வரவே, லோரியை அதன்மேல் ஏற்றச் சொன்னேன். எடை எழுதும் கிராணி எட்டிப் பார்த்து, "சார், இது என்ன பழம்?" என்றார். படகை வீட்டில் இறக்கிவிட்டு வெறும் லோரியை மீண்டும் நிறுத்திக் கழித்தபோது கிடைத்த எண் 310 கிலோ. அந்த மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும் என்றாலும் முடிவில் ஐயமில்லை: என் படகுக்குள் ஏறத்தாழ இன்னொரு படகின் எடை ஒளிந்திருந்தது.

கண்ணாடியிழை அழுகாது என்று எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். கண்ணாடி இழைகளைப் பாயாகவோ துணியாகவோ அச்சின்மேல் விரித்து, பாலியெஸ்டர் பிசினால் நனைத்து இறுகவிட்டால் கிடைக்கும் பொருளைக் கரையான் அரிக்காது, துருவும் பிடிக்காது. 1942இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் இவ்வகையில் ஒரு சிறு பாய்மரப் படகைச் செய்ததிலிருந்து, மரப்படகின் தொல்லைகளெல்லாம் தீர்ந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. ஆனால் கண்ணாடியிழைத் தகடு கனமானது, தனியாக நின்றால் வளையக்கூடியது. ஆகவே விறைப்பு வேண்டிய இடங்களில் பழைய படகுகளுக்குள்ளே ஒட்டுப்பலகையைப் பொதிந்துவிடுவார்கள். பின்பலகை அப்படிப்பட்டது. தளம் அப்படிப்பட்டது. தளத்துக்குக் கீழே, படகு கவிழ்ந்தாலும் மிதக்கட்டும் என்று, பாலியுரித்தேன் நுரையை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். அழுகாத தோலுக்குள் அழுகும் பண்டங்களை வைத்துத் தைத்த பை என்றுதான் இப்போது அந்தப் படகை நினைக்கத் தோன்றுகிறது.

ஒரு சுத்தியலின் பிடியால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். மேல்மூலைகளில் நல்ல மரக்கதவைத் தட்டிய ஓசை வந்தது. நடுவிலும் அடியிலும் ஈர மண்ணைத் தட்டியது போல் மொத்தென்று விழுந்தது. உட்பக்கத்திலிருந்து 6 மி.மீ. துளை ஒன்று போட்டேன். துளைக்கருவியின் முனையில் மரத்தூள் வரவில்லை. காப்பிச் சக்கை போன்ற கரிய குழம்பு சுற்றிக்கொண்டு வந்தது. துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் ஒரு நாள் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடியபோது, பின்பலகையின் வெளிப்புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, எப்போதோ எதையோ பொருத்துவதற்காகப் போட்டுப் பிறகு கழற்றிய நான்கு திருகாணிகளின் ஓட்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. யாரும் அவற்றை அடைக்கவில்லை. அந்த நான்கு ஓட்டைகள் வழியாகத்தான் ஆறு பல ஆண்டுகளாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தளத்தை அறுத்து எடுத்தேன். கீழே இருந்த நுரை, பெயருக்கு நுரை. கையால் அழுத்தினால் ஊறவைத்த ரொட்டியைப் போல் தண்ணீர் கசிந்தது. இந்த நுரையின் சிற்றறைகள் மூடியவை, தண்ணீர் குடிக்காதவை என்றுதான் சொல்லப்படுகிறது. புதிதாக இருக்கும்போது அப்படித்தான். ஆனால் வெளியேற வழியில்லாத தண்ணீரில் ஆண்டுக்கணக்காக அமிழ்ந்து, படகு அலையில் அடிபடும்போதெல்லாம் அதிர்ந்து, அறைச்சுவர்கள் சிதைந்தபின் அது பஞ்சாகிவிடுகிறது. மண்வெட்டியாலும் பாராங் கத்தியாலும் பெயர்த்து எடுத்து உரச் சாக்குகளில் கட்டினேன். பதினொரு சாக்குகள். ஒவ்வொன்றையும் தூக்குத் தராசில் மாட்டிக் கூட்டியபோது 104 கிலோ வந்தது. நுரை இருந்த குழியின் அளவைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 210 லிட்டர். இத்தகைய நுரை ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ அளவில் இருக்கும் என்பதால், காய்ந்திருந்தால் மொத்தமே 7 கிலோவைத் தாண்டியிருக்காது. மிச்சம் அத்தனையும் கிரியான் ஆறும் பட்டறைக் கூரையின் மழையும்தான். அழுகிய தளமும் பின்பலகையின் உள்மரமும் சேர்ந்து 46 கிலோ. எஞ்சிய வெறும் ஓடு மீண்டும் எடைமேடைக்குப் போனபோது 160 கிலோ காட்டியது. கணக்குச் சரியாக வந்ததில் ஏற்பட்ட மகிழ்ச்சியில், இன்னும் ஒரு வேலையும் தொடங்கவில்லை என்பதையே அன்று மறந்துவிட்டேன்.

முதல் தவறு அந்த வாரத்தில்தான் நடந்தது. தளத்தையும் உள்மரங்களையும் எடுத்துவிட்ட ஓடு, எலும்பு இல்லாத மீனைப் போன்றது. எதன்மேல் வைக்கிறோமோ அந்த வடிவத்துக்கு அது வளைந்துகொடுக்கும். இரண்டு பழைய லோரி டயர்களின்மேல் அதை அப்படியே வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து ஏதோ ஒரு எண்ணத்தில் அணியத்தின் நுனியிலிருந்து அமரத்தின் இரண்டு மேல்மூலைகளுக்கும் கயிறு பிடித்து அளந்தபோது, ஒரு பக்கம் 2 செ.மீ. கூடுதலாக இருந்தது. அந்த நிலையிலேயே புதிய பலகையை ஒட்டியிருந்தால் கோணலை என்றென்றைக்குமாக உறுதிப்படுத்தியிருப்பேன். பழைய கட்டில் சட்டங்களை வெட்டி, படகின் அடிவளைவுக்கு ஏற்ப மூன்று இடங்களில் தாங்கிகள் செய்து, கம்பளத் துண்டு ஒட்டி, கயிற்றளவு இருபுறமும் ஒன்றாகும்வரை ஆப்பு அடித்து நிமிர்த்தினேன். தளத்தை அறுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்தது தேய்ப்பு. பழைய பிசினின்மேல் புதிய பிசின் வேதியியல் முறையில் இணைவதில்லை. கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே ஒட்டவேண்டிய இடமெல்லாம் மினுமினுப்புப் போய், சொரசொரவென்று புதிய இழை தெரியும்வரை 40ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தாக வேண்டும். கண்ணாடித் தூள் தோலில் ஏறினால் வரும் அரிப்பை விவரிக்க முடியாது. சூடான நீரில் குளித்தால் நிலைமை மோசமாகும் என்பதால், முதலில் குளிர்ந்த நீரை ஊற்றித் தேய்க்காமல் கழுவ வேண்டும். மூச்சுக்கு வடிகட்டியுள்ள முகமூடி, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, உடம்புக்கு மழைச்சட்டை. 33 பாகை வெயிலில் மழைச்சட்டைக்குள் நிற்பது ஒரு தனித் தவம். பக்கத்து வீட்டு அக்கா இரண்டாம் நாள் வேலியருகே வந்து, "தம்பி, கொடியில துணி இருக்கு, மிளகாயும் காயுது. சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவருடைய மிளகாய் முழுவதையும் நானே கடையில் வாங்கிக் கொடுத்தேன். அதன்பிறகு கிரைண்டரோடு தூசி உறிஞ்சியின் குழாயைக் கட்டிவைத்து, கன்வாஸ் திரையைச் சுற்றிலும் இழுத்துவிட்டு, முந்தின நாள் மாலையே அவரிடம் சொல்லிவிட்டுத்தான் தேய்த்தேன்.

செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை தவறாது. கண்ணாடியிழைத் தகடும் தன் வரைக்கும் கொஞ்சம் ஈரத்தை வைத்திருக்கும்; அது போகாமல் மேலே பிசின் பூசினால் பிடிமானம் இருக்காது. ஒரு சாண் அகலமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்து, மறுநாள் அதன் உட்புறத்தில் பனி கோத்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. நவம்பர் முழுவதும் பனி கோத்தது. ஒரு மின்விசிறி இரவும் பகலும் ஓடியது. தீபாவளிக்கு வந்த உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, எதற்காகப் படகுக்கு விசிறி போட்டிருக்கிறது என்று கேட்டார்கள். "அதுக்கு வியர்க்குதாம்" என்று என் மனைவி பதில் சொன்னார். டிசம்பர் நடுவில்தான் தாள் காய்ந்தே இருந்தது.

பிசின் வேலையில் நான் கற்றுக்கொண்டதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் நான் படித்த குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பாலியெஸ்டர் பிசினுடன் இறுக்கியைச் சேர்த்தால் அது வெப்பத்தை வெளிவிட்டபடி இறுகும். நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடுவரை சேர்க்கலாம் என்பது பொது விதி. நான் நடுப்பகலில், ஒரு வாளியில் ஒரு கிலோ பிசினை ஊற்றி, உறுதியாக இருக்கட்டுமே என்று இரண்டு விழுக்காடு சேர்த்தேன். ஒரு கையகலக் கண்ணாடியிழைப் பாயை (மேட்) நனைத்து முடிப்பதற்குள் வாளியில் இருந்தது பாகு போலாகி, பிறகு தயிராகி, புகை கிளம்பி, வாளியின் அடி இளகித் தரையில் ஒட்டிக்கொண்டது. எட்டு நிமிடம் ஆகியிருக்கும். என் தந்தை தோட்டத்தில் ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலத்தைக் கலந்த நாட்களில், அமிலம் கூடினால் பால் முரடாக இறுகிவிடும் என்று அளவைக் கண்ணால் பார்த்தே ஊற்றுவார். அவர் மகன் அளவுக்குழாய் இருந்தும் கோட்டைவிட்டேன்.

அதன்பின் காலை ஏழரை மணிக்கு வேலையைத் தொடங்கி, பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன். ஒரு தடவைக்கு 400 கிராமுக்குமேல் கலப்பதில்லை. இறுக்கி ஒரு விழுக்காடு, அதாவது 4 கிராம். ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்தால் மூன்றரை மில்லிலிட்டருக்குச் சற்று மேல். வெயில் அதிகம் என்று ஒரு விழுக்காட்டுக்கும் வெகுவாகக் குறைத்தால் பிசின் இறுகியதுபோல் தோன்றி, உள்ளே என்றைக்கும் முழுமையாக இறுகாமலே நின்றுவிடும். ஆகவே வெப்பத்தை வெல்ல அளவைக் குறைக்காமல் நேரத்தை மாற்றுவதே வழி. கலந்ததை ஆழமான கோப்பையில் வைத்திருக்காமல் உடனே அகலமான தட்டில் ஊற்றிவிட வேண்டும். திரண்டு நிற்கும் பிசின் தன் சூட்டிலேயே விரைந்து இறுகும், பரந்து கிடந்தால் சூடு வெளியேறிவிடும். கடையில் கிடைத்த பிசின் இளஞ்சிவப்பாக இருந்தது. அதில் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் முடுக்கி ஏற்கெனவே கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். முடுக்கியைத் தனியாக வாங்குபவர்கள் அதை இறுக்கியோடு நேரடியாக ஒருபோதும் கலக்கக் கூடாது, வெடிக்கும். இறுக்கி ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். பிசினின் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் ஓட்டுக்குள் குனிந்து வேலை செய்பவரின் முகம் இருக்கும் இடத்திலேயே அது தேங்கும். தூசிக்கான சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, கரிக்குப்பி பொருத்திய முகமூடிதான் வேண்டும். இவ்வளவையும் கடைக்காரர் சொல்லவில்லை. குப்பியில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது; நான் வாளி உருகிய பிறகு படித்தேன்.

அணியத்தின் அடியில், ஏதோ மரக்கட்டையில் மோதிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு உடைப்பு இருந்தது. அதை வெறுமனே அடைப்பது பயனற்றது. தகட்டின் தடிப்பைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அந்தச் சரிவின்மேல் சிறிதிலிருந்து பெரிதாக மேட் துண்டுகளை அடுக்க வேண்டும் என்பது வழக்கம். என் படகின் தடிப்பு அங்கே 6 மி.மீ.; ஆகவே உடைப்பைச் சுற்றி 7 செ.மீ.க்கு மேல் நல்ல பகுதியையும் தேய்த்துத் தள்ள வேண்டியிருந்தது, மனம் வரவில்லை என்றாலும். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு, ஏறத்தாழ ஒரு கிலோ பிசினைக் குடித்து, இறுகியபின் ஒரு மி.மீ. தடிப்பைக் கொடுக்கும், ஆறு அடுக்கில் ஓட்டை மூடியது. மறுநாள் காலை தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பு பிசுபிசுவென்றிருந்தது. எல்லாம் பாழ் என்று முடிவுகட்டி, பிசின் வாங்கிய ஹார்ட்வேர் கடைக்குப் போய்ச் சொன்னதும் கடை முதலாளியான தவ்கே சிரித்தார். அடுக்கு வேலைக்கான பிசினின் மேற்பரப்பு காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை முழுதாக இறுகாது என்பதும், அடுத்த அடுக்கு நன்றாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காக அதை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்பதும், கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகு கலந்த பிசினைப் பயன்படுத்தினால் மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுத்துப் பரப்பை உலரவைக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பின்பலகைக்கு மட்டும் பாலியெஸ்டரை விட்டு எப்பாக்சி என்ற வேறு வகைப் பிசினுக்கு மாறினேன். விலை பல மடங்கு. ஆனால் மரத்தையும் பழைய கண்ணாடியிழையையும் அது பிடிக்கும் பிடிக்குப் பாலியெஸ்டர் ஈடாகாது. எஞ்சினின் எடையும் உந்துதலும் முழுவதும் அந்த ஒரு பலகையில்தான் விழுகின்றன என்பதால் இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. மாறியபோது துணியையும் மாற்ற வேண்டியிருந்தது. மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரின் என்ற திரவத்தில் கரைவதற்கென்றே அமைந்தது. எப்பாக்சியில் ஸ்டைரின் இல்லாததால் மேட் விறைத்தபடியே நின்று மூலைகளில் படியாது. ஆகவே நெய்த துணி வாங்கினேன்.

ஒட்டுப்பலகையிலும் ஒரு பாடம் கிடைத்தது. கடலுக்கான பலகை என்று சொல்லித் தரும் எல்லாமே அப்படியல்ல. வாங்குவதற்கு முன் இரண்டு கடைகளிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு கேட்டு வாங்கி, வீட்டின் பழைய குண்டானில் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தேன். ஒன்று அப்பளம் போல் அடுக்கடுக்காக விரிந்துவிட்டது. மற்றது, மெராந்தி மரத்தால் ஆனது, நிறம் மட்டும் வெளுத்து அப்படியே நின்றது. குண்டானைப் பற்றி இன்றுவரை வீட்டில் பேச்சு உண்டு.

பழைய பின்பலகையின் வெளித்தோலை விட்டுவிட்டு, உட்தோலை மட்டும் அறுத்து எடுத்தேன். அதனால் படகின் வெளிவடிவம் கெடாது. அழுகிய மரத்தை உளியால் சுரண்டியபின், அட்டையில் மாதிரி வெட்டி, அதைக்கொண்டு 18 மி.மீ. பலகையில் இரண்டு துண்டுகள் அறுத்தேன். சேர்த்தால் 36 மி.மீ. பலகையின் ஓரங்களில் இழைமுனைகள் தண்ணீரை உறிஞ்சுவதைப் போலவே எப்பாக்சியையும் உறிஞ்சும். முதலில் எதுவும் சேர்க்காத எப்பாக்சியை எல்லாப் பக்கமும் பூசி ஊறவிட்டு, ஓரங்களில் மட்டும் இரண்டாம் முறை பூசி, அதன்பிறகே ஒட்டும் கலவைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் மரம் கலவையிலிருந்து பிசினை இழுத்துக்கொண்டு ஒட்டும் இடத்தைப் பட்டினி போட்டுவிடும். எப்பாக்சியில் சிலிக்காத் தூளையும் மரமாவையும் சேர்த்து உளுந்து வடை மாவின் பதத்துக்குக் கொண்டுவந்தேன்; தட்டைச் சாய்த்தால் வழியக் கூடாது, கரண்டியால் எடுத்தால் கூம்பாக நிற்க வேண்டும். ஓடு பதிப்பவர்கள் பயன்படுத்தும் பல்லுள்ள தகட்டால் அதைப் பரப்பினேன். பலகையில் ஒரு சாணுக்கு ஒன்றாக 4 மி.மீ. துளைகள் போட்டிருந்தேன், பலகையை அழுத்தும்போது அவற்றின் வழியாகக் கலவை புழுப்போல் வெளியே வந்தால், அந்த இடத்தில் காற்று சிக்கவில்லை என்று பொருள்.

இறுக்கும் கவ்விகள் என்னிடம் நான்குதான் இருந்தன. எஞ்சின் ஆணிகளின் பழைய ஓட்டைகள் வழியாக மரையுள்ள கம்பிகளைச் செலுத்தி, இருபுறமும் கட்டைகள் வைத்து முடுக்கினேன். என் மைத்துனர் உதவிக்கு வந்து தன் முழு பலத்தையும் காட்ட முற்பட்டபோது தடுக்க வேண்டியிருந்தது. இரும்பைப் போல் இதை இறுக்கக் கூடாது. அதிகமாக அழுத்தினால் ஒட்டவேண்டிய கலவை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். ஓரமெல்லாம் சீராகக் கொஞ்சம் கசிந்தால் போதும். பலகை படகின் பக்கங்களைச் சந்திக்கும் மூலைகளில் அதே கலவையை நிரப்பிக் குழம்புக் கரண்டியின் முதுகால் இழுத்து வளைவாக்கினேன், ஏனெனில் கண்ணாடித் துணி நேர்கோண மடிப்பில் படியாமல் தூக்கிக்கொள்ளும். மறுநாள் மேற்பரப்பில் மெழுகு போன்ற ஒரு வழுக்கல் இருந்தது. நம் காற்றின் ஈரப்பதத்தில் எப்பாக்சி இறுகும்போது இது சகஜம். தண்ணீரும் நார்த்தேய்ப்பானும் கொண்டு கழுவாமல் தாளால் தேய்த்தால் வழுக்கல் உள்ளேயே தங்கிவிடும். கழுவி, உலரவிட்டு, தேய்த்து, மூன்று அடுக்குத் துணியைப் பக்கங்களின்மேலும் ஒரு சாண் ஏறும்படி ஒட்டினேன்.

ஆணி ஓட்டைகளுக்கு வந்தேன். எஞ்சினைத் தாங்கும் ஆணி 10 மி.மீ. எனில், 16 மி.மீ. துளை போட்டு, அதைக் கெட்டியான எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் மீண்டும் 10 மி.மீ. துளையிட வேண்டும். அப்போது ஆணியைச் சுற்றி நாளை தண்ணீர் கசிந்தாலும் அது பிசினைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. வெளித்தோலிலிருந்த அந்தப் பழைய நான்கு திருகாணி ஓட்டைகளையும் அகலப்படுத்தி, பிசின் நிரப்பி மூடினேன். அன்று மாலை நான் வேறு வேலை பார்க்கவில்லை.

மிதப்புக்காக மீண்டும் ஊற்றும் நுரையை நாட மனமில்லை. மீன் பெட்டி செய்யும் வெள்ளை நுரைப்பலகையைத் தளத்துக்கு அடியில் வைத்து, அதன்மேல் பாலியெஸ்டர் பூசி மூடிவிடலாம் என்று முயன்றேன். பிசினிலுள்ள ஸ்டைரின் பட்டதும் நுரை வெயிலில் வைத்த ஐஸ்கிரீமைப் போல் குழிந்து காணாமற்போனது. பிறகு நிதானமாகக் கணக்குப் போட்டேன். கண்ணாடியிழையின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. என் படகில் அது 180 கிலோ இருக்கும். முழுகினால் அதில் 120 கிலோவைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும், 60 கிலோ மிஞ்சும். நான் வாங்கிவைத்திருந்த 15 குதிரைத்திறன் எஞ்சின் 36 கிலோ. தண்ணீருக்குள் 25 கிலோ என்று கொள்ளலாம். புதிய மரம் தன்னையும் தாங்கி 15 கிலோவுக்குமேல் தூக்கும். ஆக, 70 கிலோ அளவுக்கு மிதப்பு வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலிருந்து ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் 64 சேகரித்து, மூடியை இறுக்கி, வலைப்பைகளில் கட்டித் தளத்துக்கு அடியில் அடக்கினேன். 96 லிட்டர். தளத்தை மூன்று பலகைகளாகப் பிரித்து, ஆணி கழற்றித் தூக்கும்படி அமைத்தேன். ஆண்டுக்கு ஒருமுறை புட்டிகளை வெளியே எடுத்து உள்ளே உலரவிடலாம். அழகில் இது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சாயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தை மாத வெயிலில் இருகூட்டுப் பாலியுரித்தேன் சாயம் மூன்று கோட். வெளியே வெள்ளை, உள்ளே சாம்பல். முதல் கோட்டில் செம்பனைப் பூந்தூள் வந்து ஒட்டியது. தேய்த்துவிட்டு மறுபடி பூசினேன்.

மார்ச் முதல் வாரத்தில், ஆற்றுக்குப் போகும் வழியில், மூன்றாம் முறையாக எடைமேடையில் ஏறினோம். எஞ்சின் இல்லாமல் 210 கிலோ. கிராணி தன் பழைய சீட்டைத் தேடி எடுத்து, நூறு கிலோ எங்கே போயிற்று என்று விசாரித்தார். கரையோரத்தில் இடுப்பளவு ஆழத்தில் படகை இறக்கி, எஞ்சினுக்குப் பதிலாக 25 கிலோ மணல் மூட்டையை அமரத்தில் கட்டி, வாளியால் தண்ணீர் மொண்டு விளிம்புவரை நிரப்பினோம். அமரம் சற்றுத் தாழ்ந்து, மேல்விளிம்பு நீர்மட்டத்தோடு ஒட்டி நின்றதே தவிர, மூழ்கவில்லை. 25 கிலோ என்பது எஞ்சினுக்கு நீருக்குள் இருக்கும் எடை, மணலும் நீருக்குள் எடையிழக்கும் என்பது பிறகுதான் உறைத்தது; ஆனாலும் மிச்சமிருந்த மிதப்பு அந்தப் பிழையைத் தாங்கும். ஆட்களைத் தாங்க அது போதாது. அதற்கு மிதவைச் சட்டை இருக்கிறது.

தண்ணீரை இறைத்து, எஞ்சினைப் பொருத்தி, பாரிட் புந்தார் திசையில் ஒரு மணி நேரம் போய்த் திரும்பினோம். வடிகால் அடைப்பானின் ஓரத்தில் அரைக் குவளைத் தண்ணீர் சேர்ந்திருந்தது. அதன் ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும். பின்பலகை தட்டினால் கதவுபோல் ஒலித்தது. கரையேறியதும் மைத்துனருக்கு ஒரு யோசனை தோன்றியது. தூண்டில் கழிகளைச் செருகிவைக்கும் குழாய்கள் இரண்டை அவர் முன்னரே வாங்கி வைத்திருந்தார் போலும். பையிலிருந்து அவற்றையும் துளைக்கருவியையும் எடுத்துக்கொண்டு, "மாமா, நாலே நாலு ஸ்குரூதான்" என்று சொல்லியபடி அமரத்தின் பக்கம் போனார். நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்து துளைக்கருவியைப் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.